மிச்சக் கிலோ

“உன் சாமான் மஸ்கட்டுக்குப் பொறப்பட்டாச்சு. இனிமே மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்காத” என்று சொல்லிக்கொண்டே கிதர் முகம்மது மகளின் மேசைமேல் டீ கிளாஸை வைத்தார்.

ஷப்ரீனுக்கு முதலில் விளங்கவில்லை. அப்பாவின் மளிகைக் கடைக்கு மேலே இருந்த மாடி அறைதான் அவள் ஆபீஸ். கிண்டியில் இருக்கிற ஒரு சின்ன மென்பொருள் கம்பெனிக்கு, உத்திரமேரூர் பஜார் தெருவில் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கிறாள். காலையிலிருந்து ஒரே மீட்டிங். மணி பன்னிரண்டு ஆகப் போகிறது.

“எந்த சாமான் அத்தா?”

“அதாம்மா, பீரோல வெச்சிருந்தியே, கருப்புப் பெட்டி, மேல மஸ்கட் அட்ரஸ் ஒட்டி. மூணு வாரமா போகல போகலன்னு பொலம்பிக்கினு இருந்தியே. மானாம்பதி வேதாசலம் பையன் தமிழ்வாணன் இன்னிக்கு பிளைட் ஏறான். அவன் பையில நாலு கிலோ மிச்சம் இருந்துச்சு. வெச்சு அனுப்சிட்டேன்.”

அவள் எழுந்த வேகத்தில் டீ கவிழ்ந்து கீபோர்டு முழுக்க ஓடியது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பீரோவைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். பெட்டி இல்லை.

இந்த இடத்தில் கிதர் பாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் ஏதோ விஷமம் பிடித்த மனுஷன் என்று நினைத்துவிடுவீர்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் வளைகுடாவுக்குப் போனாலும் முதல் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குத்தான் வருவார்கள். மூட்டை நிறுக்கிற தராசில் அதை ஏற்றுவார். விமானத்தில் முப்பது கிலோ விடுவார்கள். பெட்டி இருபத்தாறு காட்டினால் மிச்சம் நாலு கிலோ ஊருக்குச் சொந்தம். அதில் யார் வீட்டு ஊறுகாய் போகும், யார் மகனுக்கு மருந்து போகும் என்று வரிசை வைத்துப் பிரித்துக் கொடுப்பது கிதர் பாய்தான். பள்ளிவாசல் தெருக்காரன், குடியானத் தெருக்காரன் என்ற பேச்சே கிடையாது. கட்டுவதிலும் அவருக்கென்று ஒரு கைப்பக்குவம் உண்டு. உடைகிற சாமான் எதுவானாலும் வறுத்த இடியாப்ப மாவுப் பைக்குள் புதைத்து ஒட்டிவிடுவார். எப்படித் தூக்கிப் போட்டாலும் மாவு தாங்கிக்கொள்ளும். போய்ச் சேர்ந்த இடத்தில் சாமானும் ஆச்சு, இடியாப்பமும் ஆச்சு.

அந்தக் கருப்புப் பெட்டியையும் அப்படித்தான் மாவில் புதைத்திருந்தார்.

பெட்டி சிகரெட் பாக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் இருந்த மென்பொருளை எழுதிய எட்டுப் பேரில் ஷப்ரீனும் ஒருத்தி. மஸ்கட்டில் எண்ணெய்க் குழாய்களுக்குக் காவல் பார்க்கும் ஒரு கம்பெனிக்காகத் தனியாகச் செய்தது. காவலாட்கள் தங்களுக்குள் பேசுவதை வழியில் எவன் பிடித்தாலும் அவனுக்கு ஒன்றும் விளங்காதபடி பூட்டிவிடும். நம் போனில் எல்லோருக்கும் பொதுவாக வருகிற இந்த மாதிரிப் பூட்டுக்கு அரசாங்கம் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் ஒருவருக்கென்று தனியாகச் செய்கிற பலமான குறியாக்க மென்பொருள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. டெல்லியில் பார்த்து அனுமதி கொடுக்கும்வரை அது நாட்டை விட்டுத் தாண்டக் கூடாது. கொரியரில் போனாலும் ஏற்றுமதி, ஈமெயிலில் போனாலும் ஏற்றுமதி, ஒருத்தன் பைக்குள் போனாலும் ஏற்றுமதி. மீறினால் வழக்கு வரும், சிறைவரைக்கும் போகலாம். விண்ணப்பம் போட்டு மூன்று வாரம் ஆகிறது. அனுமதி வரும்வரை பெட்டி என் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் ஷப்ரீன்.

பெட்டி இன்னும் போகவில்லை என்றுதான் அவள் தினமும் போனில் கத்திக்கொண்டிருந்தாள். “இன்னாம்மா, இன்னா போகல?” என்று அவரும் சோறு போடும்போதெல்லாம் கேட்டார். “அய்யோ, உங்களுக்குச் சொன்னா புரியாது அத்தா” என்று அவள் தட்டைப் பார்த்தபடியே சொல்லிவிடுவாள். கொரியர்காரன் தகராறு பண்ணுகிறான் போலிருக்கிறது என்று அவரே முடிவு பண்ணிக்கொண்டார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், மிச்சக் கிலோ.

“தமிழ்வாணன் எப்பக் கிளம்பினான்?”

“பத்து மணிக்கே வேன்ல போய்ட்டாங்க, அவனும் வேதாசலமும். பிளைட்டு நாலு பத்துக்கு. ஏம்மா, இன்னா ஆச்சு?”

பதில் சொல்ல அவளுக்கு ஏது நேரம்? தமிழ்வாணன் நம்பரைப் போட்டாள். அணைத்து வைத்திருந்தான்.

“நான்தான் அணைச்சு வெக்கச் சொன்னேன். அங்க போய் எறங்கறப்போ சார்ஜ் இல்லாம முழிக்கக் கூடாது பாரு.”

வேதாசலம் நம்பரைப் போட்டாள். எடுத்தது அவர் மகள் கீர்த்தி. “அப்பா போன வூட்லயே வுட்டுட்டுப் போய்ட்டாருக்கா. அவசரத்துல மறந்துட்டாரு.”

இடியாப்ப மாவுக்குள் ஒயரும் சர்க்யூட்டுமாக ஒரு பெட்டி. மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் பார்த்தாலும் சரி, மஸ்கட்டில் பிரித்தாலும் சரி, ஒளித்து வைத்துக் கடத்துகிறான் என்றுதான் நினைப்பார்கள். மாட்டுவது தமிழ்வாணன். ஏசி மெக்கானிக் வேலைக்கு முதல்முறையாக ஊரை விட்டுக் கிளம்பியிருக்கிறான். மாவைத் தவிர வேறு எதுவும் அவனுக்குத் தெரியாது. இங்கே பிடித்தால் அவன் வேலை போகும். அங்கே பிடித்தால் ஆளே போவான், கேட்க நாதி இருக்காது.

“செருப்ப மாட்டுங்க அத்தா. கிளம்புங்க.”

தெருமுனையில் இருந்த சாம்சனின் டாக்சி பன்னிரண்டேகாலுக்குப் புறப்பட்டது. கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு, அரிசி மாவு ஒட்டிய சட்டையோடு கிதர் முகம்மது பின்சீட்டில் ஏறினார். புக்கத்துறை கூட்டு ரோடுவரைக்கும் அவள் தமிழ்வாணன் நம்பரையே மறுபடி மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறியதும் அவரால் தாங்க முடியவில்லை.

“நல்லதுன்னு நெனச்சுதாம்மா பண்ணேன்.”

“ஏர்போர்ட்ல பைய யார் கட்டினதுன்னு கேட்டா இன்னா சொல்லச் சொன்னீங்க?”

“எல்லாருக்கும் சொல்றதுதான். நானே கட்டினேன்னு சொல்லிடு, இல்லாட்டி ஆயிரம் கேள்வி கேப்பான்னு.”

“போச்சு” என்றாள் அவள். “சட்டப்படி இப்ப அது அவன் பெட்டி. சர்க்கார் அனுமதி இல்லாத பெட்டி. தெரியுதா? அவன நீங்க கடத்தல்காரன் ஆக்கிட்டீங்க.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “அந்தப் பெட்டியில இன்னாம்மா இருக்குது? குண்டா?”

“வாய மூடிக்கினு வாங்க அத்தா!”

சாம்சன்கூடக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தான். பெற்ற தகப்பனை வேற்று ஆள் முன்னால் அப்படிப் பேசுகிற பெண் இல்லை அவள். பேசிவிட்டாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அவளுக்கு அப்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கவும் அது நேரம் இல்லை.

பரனூர் சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசையாக நின்றன. அங்கே நின்றபடியே கம்பெனி முதலாளி அருள்தாஸைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். ஸ்பீக்கரை அணைக்கத் தோன்றவில்லை.

அருள்தாஸ் சிரித்தார்.

“ஷப்ரீன், நீ அனுப்பல. நான் அனுப்பல. கடவுளாப் பார்த்து அனுப்பியிருக்கார். மஸ்கட்காரன் தினமும் என் உயிர வாங்கறான். பேசாம வீட்டுக்குத் திரும்பிப் போ.”

“சார், அந்தப் பையன் மாட்டினா?”

“எத்தனை ஆயிரம் பெட்டி போகுது. உங்க ஊர் மாவுதான் அவங்களுக்கு முக்கியமா? போய்ச் சேர்ந்திடும். நீயா போய் வாயத் திறந்தா நம்ம விண்ணப்பம் குப்பைக்குப் போயிடும். எட்டு பேர் வேலைம்மா. யோசி.”

அவள் யோசித்தாள். பொய் சொல்வானேன், கூடுவாஞ்சேரியிலிருந்து வண்டலூர்வரைக்கும் நிஜமாகவே யோசித்தாள். சாம்சனிடம் வண்டியைத் திருப்பு என்று சொன்னால் போதும். நாலு பத்துக்கு விமானம் ஏறிவிடும். ராத்திரிக்குள் தமிழ்வாணன் போய்ச் சேர்ந்தேன் என்று போன் பண்ணுவான். ஒரு பயலுக்கும் தெரியாது. பண்ணாவிட்டால்? போன் வராவிட்டால் அவள் எந்த முகத்தோடு மானாம்பதிப் பக்கம் போவாள்?

“சீக்கிரம் போங்க சாம்சன்ணா” என்றாள்.

விமான நிலையத்தை எட்டும்போது மணி இரண்டு இருபது. புறப்பாட்டு வாசலுக்கு வெளியே ஒரு தூணில் சாய்ந்து வேதாசலம் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, புதுத் துண்டு. இவர்களைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக எழுந்து வந்தார்.

“அட, பாய்! கொயந்தைய வழியனுப்ப இம்மாந்தூரம் வந்துட்டீங்களா? இப்பதான் உள்ள போய் ஒரு மணி நேரம் ஆச்சு.”

ஷப்ரீன் நாலு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். வேதாசலத்தின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. முழுதும் புரிந்ததோ இல்லையோ, மகனை நிறுத்தப்போகிறார்கள் என்பது புரிந்துவிட்டது.

“வேணாம்மா. உன் கால்ல வேணா வுழறேன். மூணு வாட்டி இந்த மாதிரி வேலை கைக்கு வந்து தட்டிப்போச்சும்மா அவனுக்கு. இன்னிக்கு ஏறலன்னா வேற ஆளு ஏறிடுவான். ஏர்றவரைக்கும் பேசாத இரும்மா. பாய், நீங்களாவது சொல்லுங்க!”

கிதர் முகம்மது மகளைப் பார்த்தார். காரில் வாயை மூடியவர் இப்போதுதான் திறந்தார்.

“மஸ்கட்ல பையப் பிரிச்சுப் பாத்தா அவன இன்னா பண்ணுவாங்க?”

“உள்ள வெச்சிடுவாங்க அத்தா. மாவுக்குள்ள மறைச்சு வெச்சிருக்கான்னுதான் சொல்லுவாங்க. அவனால எதையும் நிரூபிக்க முடியாது.”

“வேதாசலம்,” என்றார் அவர், “மாவுல வெச்சது நானு. நம்ம பையன் அங்க போய் நின்னா அவனுக்காகப் பேச நான் அங்க இருக்க மாட்டேன். இங்கன்னா இருக்கேன்.”

வேதாசலம் துண்டை வாயில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஷப்ரீன் வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலரிடம் போனாள். டிக்கெட் கேட்டார். டிக்கெட் இல்லை, உள்ளே போன ஒரு பையில் இருக்கிற பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றாள். அவ்வளவுதான். அடுத்த பத்து நிமிடத்தில் அவளிடம் நாலு பேர் நாலு மொழியில் கேள்வி கேட்டார்கள். அவளையும் தகப்பனையும் உள்ளே அழைத்துப் போய், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்காரவைத்தார்கள்.

சுங்க அதிகாரியின் பெயர் ஜான்சன். ஐம்பது வயதிருக்கும். குரலை உயர்த்தாமல் பேசினார், அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. தமிழ்வாணனின் பையை எடுத்துவரச் சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் தமிழ்வாணனை அழைத்து வந்தார்கள். இஸ்திரி போட்ட நீலச் சட்டை. கழுத்தில் தொங்கவிட்ட பையில் பாஸ்போர்ட். பாயையும் ஷப்ரீன் அக்காவையும் அங்கே பார்த்ததும் அவனுக்குப் பேயறைந்தது போல ஆகிவிட்டது.

பையும் வந்தது. “இந்தப் பை உன்னுதா?” என்று கேட்டார் ஜான்சன்.

“ஆமா சார்.”

“யார் கட்டினது?”

தமிழ்வாணன் கிதர் பாயைப் பார்த்தான். நேற்று கடையில் அவர் தலையில் தட்டிச் சொல்லிக் கொடுத்ததை மறக்கிற பிள்ளை இல்லை அவன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

“நானேதான் சார் கட்டினேன்.”

ஜான்சன் எழுதத் தொடங்கினார். ஷப்ரீனுக்கு அந்தப் பேனா ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கிதர் முகம்மது எழுந்து நின்றிருந்தார்.

“பொய் சொல்றான் சார்! எயுதாதீங்க! அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான். கட்டினதும் நான்தான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது சார்.”

“உட்காருங்க. அப்போ ஒளிச்சு வெச்சது நீங்க?”

“ஒளிக்கல சார். ஒடையக் கூடாதுன்னு வெச்சேன்.”

ஜான்சன் அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்த அறையில் அவர் என்னென்ன கதை கேட்டிருப்பாரோ. மாவுப் பையைக் கத்தியால் கிழித்து, கையுறை போட்ட விரலால் கருப்புப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். மாவு பறந்தது. அந்த மாவுக்குள் பார்க்க அது குண்டு மாதிரிதான் இருந்தது என்று ஷப்ரீனுக்கே தோன்றியது.

“மாவுக்குள்ள எலெக்ட்ரானிக்ஸ். இதுக்குப் பேர் ஒளிக்கிறது இல்லையா?”

“மத்த மாவையும் பிரிங்க சார்” என்றார் கிதர் முகம்மது. “இன்னும் ரெண்டு பை இருக்குது. பிரிச்சுட்டுச் சொல்லுங்க.”

ஜான்சன் இரண்டாவது பையைக் கிழித்தார். உள்ளே ஒரு மூக்குக் கண்ணாடி. அதோடு ஒரு துண்டுக் காகிதம்: ‘அஸ்லமுக்கு, ஜாஹிரா அம்மா கொடுத்தது, கண்ணாடி பத்திரம்.’ மூன்றாவது பையில் காது மருந்து, கண்ணாடி சீசா. அதிலும் பெயர், தெரு, யாருக்குப் போக வேண்டும் என்று கிதர் பாயின் கோணல் எழுத்து. கருப்புப் பெட்டி இருந்த பையையும் மறுபடி உதறினார். அதிலிருந்தும் ஒரு துண்டுக் காகிதம் விழுந்தது: ‘ஷப்ரீன் ஆபீஸ் சாமான். மேலே அட்ரஸ் இருக்குது. ஜாக்கிரதை.’

கடத்துகிறவன் மகளின் பெயரை எழுதி உள்ளே வைப்பானா? ஜான்சன் அந்த மூன்று காகிதத்தையும் வரிசையாக வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் அனுப்புவீங்களா?”

“முப்பது வருஷமா சார். ஒரு சீசா ஒடைஞ்சதில்ல” என்றார் கிதர் முகம்மது. அந்த நிலையிலும் மனுஷனுக்குப் பெருமை விடவில்லை.

மணி மூன்று பதினைந்து. ஜான்சன் தமிழ்வாணன் பக்கம் திரும்பினார். யார் என்ன சொல்லிக் கொடுத்தாலும் இனிமேல் இந்த மாதிரி இடத்தில் உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்றார். அவன் சொன்னதை எழுதி வாங்கினார். விமானக் கம்பெனி ஆளைக் கூப்பிட்டு, இவனை ஏற்றிக்கொள்ளுங்கள், பையைச் சரிபார்த்து அடுத்த விமானத்தில் அனுப்புகிறோம் என்றார். தமிழ்வாணன் கதவுவரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தான்.

“நான் சொன்னது தப்பா பாய்?”

“தப்பு என்னுதுடா கண்ணு. ஓடு. ஓடிப்போய் ஏறு.”

அவன் ஓடினான்.

அறையில் மூன்று பேர் மிஞ்சினார்கள். ஜான்சன் ஒரு புதுத் தாளை எடுத்தார். பெட்டியைப் பறிமுதல் செய்கிறோம், மேலே விசாரணை வரும் என்றார். “நோட்டீஸ் ஒருத்தர் பேருக்குப் போகணும். யார் பேருக்கு?”

ஷப்ரீனின் போன் மேசைமேல் அதிர்ந்தது. அதிகாரிகளிடம் சொல்லப் போகிறேன் என்று அவள் வாசலிலிருந்து அனுப்பிய செய்திக்கு அருள்தாஸ் பதில் எழுதியிருந்தார்: ‘அப்பா பேரைச் சொல்லிடு. வயசானவர், படிக்காதவர், எச்சரிக்கையோட விட்டுடுவாங்க. நீ கையெழுத்துப் போட்டா கம்பெனியும் போச்சு, உன் வேலையும் போச்சு.’ திரை தகப்பன் பக்கம் இருந்தது. கிதர் முகம்மது எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்தான், ஆனால் ‘அப்பா பேரை’ என்கிற இடம்வரைக்கும் படித்துவிட்டார். அது போதும்.

“என் பேருக்குப் போடுங்க சார். நான்தான் அனுப்புனேன். அதுக்குப் பர்மிசன் வோணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அனுப்புனேன்.”

“அத்தா!”

“நீ சும்மா இரும்மா.”

ஜான்சன் பேனாவைக் கீழே வைக்கவில்லை. “தெரிஞ்சே அனுப்பினீங்க. சரி. இது என்ன பொருள்?”

“கம்ப்யூட்டர் சாமான் சார்.”

“என்ன செய்யும் இது?”

கிதர் முகம்மது பெட்டியைப் பார்த்தார். உதட்டை ஈரம் செய்துகொண்டார். “அது... போன்ல... வந்து...” என்றார். நெற்றியில் வியர்வை. முப்பது வருஷமாக ஊர்ச் சாமான் ஒவ்வொன்றுக்கும் பெயரும் எடையும் சொல்லத் தெரிந்த மனுஷன். சொந்த மகள் என்ன செய்கிறாள் என்று சொல்லத் தெரியாமல், பரீட்சைக்குப் படிக்காத பிள்ளையாக விழித்தார். கடைசியில் மகளைத் திரும்பிப் பார்த்தார். நீயே சொல்லிக்கொடேன் என்று கேட்கிற பார்வை.

ஷப்ரீனால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. அவர் பழியை அவள் சுமப்பதாக ஒன்றும் இல்லை, அந்தப் பழி முதலிலிருந்தே அவளுடையது. அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது.

“சார், அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொன்னதே இல்ல. மூணு வாரமா கேட்டுக்கினே இருந்தாரு, நான் சொல்லல. பெட்டிக்கு நான்தான் பொறுப்பு. பூட்டாத பீரோல வெச்சது நான். என் பேருக்கு எழுதுங்க.”

“உங்க வேலைக்கு இது பாதகமா முடியலாம்.”

“தெரியும் சார்.”

“நீங்களா வந்து சொன்னீங்கன்னும் எழுதறேன். அது உங்களுக்கு உதவலாம். உதவாமயும் போகலாம்.” அவர் தாளை அவள் பக்கம் தள்ளினார். “பொருள் என்னன்னு உங்க வாயால, எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்லுங்க. எழுதிக்கிறேன்.”

அவள் சொன்னாள். கம்பெனிப் பாஷை எதுவும் இல்லாமல், கடைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற மாதிரி. பேச்சை எப்படிக் கலைத்துப் பூட்டுவது, சாவி யாரிடம் இருக்கும், அரசாங்கம் ஏன் தடுக்கிறது. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. கிதர் முகம்மது நாற்காலி நுனிக்கு வந்து, மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். போட்ட தாளை அருள்தாஸுக்குப் படம் பிடித்து அனுப்பினாள்.

வெளியே வரும்போது மணி நாலரை. போனில் ஒரு செய்தி காத்திருந்தது. அவளுடைய ஆபீஸ் கணக்கை முடக்கிவிட்டார்கள், லேப்டாப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும். நாலு வருஷ வேலை, இரண்டு வரியில் முடிந்தது. அவள் போனைக் கைப்பைக்குள் போட்டாள்.

வேதாசலம் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றிருந்தார். இவர்களைக் கண்டதும் ஓடிவந்து கிதர் பாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“ஏறிட்டான் பாய்! இங்க யாரோ ஒருத்தர் போன வாங்கி நானே போட்டேன், இப்ப ஆன் பண்ணி வெச்சிருந்தான். ஏறி உக்காந்துட்டேன்னான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஷப்ரீனின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “நம்ம பாப்பாவுக்குத்தான் கஷ்டமா போச்சா? அது இன்னா பாய், அப்படியாப்பட்ட பெட்டி?”

“அதுவா?” என்றார் கிதர் முகம்மது. தூணோரமாக நகர்ந்து நின்று, மாவு ஒட்டிய கையை விரித்து வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். “அது பேச்சுக்குப் போடற பூட்டு, வேதாசலம். நீயும் நானும் போன்ல பேசறோம்னு வெச்சிக்கோ. நடுவுல எவன் ஒட்டுக் கேட்டாலும் அவன் காதுல வெறும் கொரகொரன்னு சத்தம்தான் வுழும். சாவி உங்கிட்ட ஒண்ணு, எங்கிட்ட ஒண்ணு. மூணாவது ஆளு தலகீழா நின்னாலும் தெறக்க முடியாது. சர்க்காராலயும் முடியாது.”

“நல்லதுதானே பாய்?”

“நல்லவன் கைல இருந்தா நல்லது. குண்டு வெக்கறவன் கைல சிக்கினா? அதான், வெளிநாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி யாருக்குப் போவுது, எதுக்குப் போவுதுன்னு பாத்து சர்க்கார் சீட்டு குடுக்கணும். சீட்டு வரவரைக்கும் அனுப்பக் கூடாது. என் பொண்ணு அந்தச் சீட்டுக்காகத்தான் காத்துக்கினு இருந்துச்சு. நான் குறுக்க பூந்து கெடுத்துட்டேன். அந்தப் பூட்ட செஞ்சது யாரு தெரியுமா? இவதான். எட்டு பேர்ல ஒருத்தி.”

வேதாசலம் ஆச்சரியத்தோடு தலையை ஆட்டினார். அவருக்கும் புரிந்துவிட்டது.

ஷப்ரீன் தகப்பனையே பார்த்தாள். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பிசகில்லை. டெல்லிக்கு அவள் எழுதிய பதினாறு பக்க விண்ணப்பம்கூட இத்தனை தெளிவாக இல்லை.

கிதர் முகம்மது அவள் பக்கம் திரும்பினார். முகத்தில் கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் சந்தோஷம்.

“சரியா சொன்னேனாம்மா?”

“சரியாத்தான் சொன்னீங்க அத்தா” என்று சொல்லப் பார்த்தாள். அத்தனை ஜனங்களுக்கு நடுவே தகப்பனின் மாவுச் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.